செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம்

அரசாங்கம் அந்த ஆப்பைத் தடை செய்துவிட்டதாக டிவியில் செய்தி ஓடியபோது அப்பா சோற்றில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார். ஊர் உலகமே ஆடிப் பாடி வாயசைத்துச் சின்னச் சின்ன வீடியோவாகப் போட்டுக்கொண்டிருந்த ஆப் அது. நாட்டு எல்லையில் சண்டையாம், அதனால் சண்டை போடுகிற அந்த நாட்டுக்காரன் செய்த ஆப் எதுவும் இனி இங்கே ஓடாதாம். "சனியன் ஒழிஞ்சது" என்று பக்கத்து வீட்டில் யாரோ சொன்னது எங்கள் வீடு வரை கேட்டது. அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"அப்ப நம்ம பெரியவளோடது?"

பெரியவள் என்றால் என் அக்கா. அதற்கு முந்தைய வருடம் ஆடிக்காற்றில், ஏலத்தோட்டத்து நிழல் மரத்தின் கிளை முறிந்து விழுந்து செத்துப்போனாள். அந்த ஆப்புக்குள்தான் அவள் பேச்சு இருந்தது. வேறு எங்கேயும் இல்லை.

எங்கள் ஊர் சிலமலை. விடிவதற்குள் போடியைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து ஜீப்புகள் பெண்களை அடைத்துக்கொண்டு மலை ஏறும். போடிமெட்டு செக்போஸ்ட்டைத் தாண்டினால் கேரளா, அங்கேதான் ஏலத்தோட்டங்கள். அப்பாவும் அப்படி ஒரு ஜீப்பு ஓட்டினார். அக்கா அதே ஜீப்பில் காய் எடுக்கப் போவாள். தோட்டத்துக்குள் டவர் கிடைக்காது. மத்தியானச் சோற்றுக்குப் பிறகு பெண்கள் செடி மறைவில் நின்று அந்த ஆப்புக்குள்ளேயே வீடியோ எடுத்து வைத்துக்கொள்வார்கள். சாயங்காலம் இறங்கும்போது மெட்டுக்குப் பக்கத்தில் ஒரு வளைவில் டவர் பிடிக்கும், ஜீப்புக்குள் எல்லாப் போனும் ஒரே நேரத்தில் கத்தும். "அண்ணே, ஒரு நிமிசம் நிப்பாட்டுங்கண்ணே, வீடியோ ஏறிக்கிட்டு இருக்கு" என்று கெஞ்சுவார்கள். அப்பா திட்டிக்கொண்டே நிறுத்துவார். ஏறிக்கொண்டிருப்பதில் தன் மகளுடையதும் ஒன்று என்பது அவருக்கு ரொம்ப நாள் தெரியாது.

தெரிந்த அன்றைக்கு வீடு ரெண்டுபட்டது. "நாளைக்குப் பொண்ணு பாக்க வர்றவன் மொதல்ல இதத்தான் பாப்பான். ஊரு பாக்க ஆடுறியா?" என்று போனைப் பிடுங்கி ஜீப்பில் வைத்துப் பூட்டினார். அக்கா அழவில்லை, சாப்பிடவும் இல்லை. மூன்றாம் நாள் போன் திரும்பக் கைக்கு வந்தது. வந்த கையோடு அவள் செய்த வேலை, ஆப்பில் தன் பக்கத்துக்குப் பூட்டுப் போட்டதுதான். அவள் சேர்த்துக்கொண்ட தோட்டத்துப் பெண்களையும் என்னையும் தவிர இனி யாரும் பார்க்க முடியாது. "எவனும் பாக்க மாட்டான், உங்கப்பாகிட்ட சொல்லு" என்றாள். நம் அப்பா எப்போது என்னுடைய அப்பா மட்டும் ஆனார் என்று கேட்டேன். அதற்கும் சிரித்தாள்.

அவள் போட்டதில் பாதிக்கு மேல் வெறும் வாயசைப்பு, மீதி ஆட்டம். சினிமாக்காரியின் குரலுக்கு இவள் வாய். ஒன்றே ஒன்றில்தான் சொந்தக் குரலில் பேசினாள். தலையில் பிளாஸ்டிக் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, மழை சொட்டச் சொட்ட, காய்ப் பையைத் தூக்கிக் காட்டிவிட்டுச் சொல்வாள்: "எங்கப்பா ஹாரன் அடிச்சா வெரசா ஓடியாந்து ஏறிரணும். இல்ல, பெத்த மகளுன்னும் பாக்க மாட்டாரு, மலையிலயே விட்டுட்டுப் போயிருவாரு." பிறகு அவளுடைய அந்தக் குதிரைச் சிரிப்பு. பின்னால் யாரோ "ஏய், அடிச்சிட்டாருடி" என்று கத்துவார்கள். அதோடு முடிந்துவிடும்.

அவள் செத்த அன்றைக்குச் சாயங்காலமும் அப்பா ஹாரன் அடித்திருக்கிறார். காற்றும் மழையுமாக இருந்ததால் எவளும் வரவில்லை. திட்டிக்கொண்டே அடித்தேன் என்று அவரே என்னிடம் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து அவளைச் சாக்கில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தார்களாம்.

அதற்குப் பிறகு அவர் மலை ஏறவில்லை. ஜீப்பை விற்றுவிட்டுப் போடியில் லோடு ஆட்டோ ஓட்டினார். அக்காவின் போனை எப்படித் திறப்பது என்று எனக்குத் தெரியும். ஒரு நாள் அந்த வீடியோவைத் திறந்து அவர் கையில் கொடுத்தேன். பார்த்தார். திரும்ப முதலிலிருந்து ஓடியது. திரும்பவும் பார்த்தார். மறுநாள் காலையில் டீ குடித்ததும் போனை நீட்டினார். அப்புறம் அது தினசரிச் சடங்காகிவிட்டது. அம்மா மட்டும் அந்தச் சிரிப்புச் சத்தம் கேட்டதும் குடத்தைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போய்விடுவார். அந்த வீடியோவை ஆப்பிலிருந்து இறக்கித் தனியாக வைத்துக்கொள்ள எங்களுக்குத் தோன்றவில்லை. தினமும் வந்து நிற்கிற ஆளை யாராவது பிடித்துக் கட்டி வைப்பார்களா?

தடைச் செய்தி வந்த மறுநாளும் அப்பா போனை நீட்டினார். திறந்தேன். வெள்ளையாக ஒரு பக்கம், அதில் நாலு வரி இங்கிலீஷ். அரசாங்க உத்தரவுக்குக் கட்டுப்படுகிறோம் என்று எழுதியிருந்தது. வேறு நாட்டில் இருப்பதுபோல ஏமாற்றுகிற ஆப் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். இந்தியாதான் என்று சிம் கார்டை வைத்தே கண்டுபிடித்துவிட்டது. "போச்சுப்பா" என்றேன்.

"போச்சா? மேல போனா வரும்" என்றார்.

மேல் என்றால் கேரளா. நான் போடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்க்கிறவள். ஊருக்கே ஆன்லைனில் எழுதிக்கொடுக்கிறவள். இது மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிற சமாச்சாரம் இல்லை, டெல்லியில் போட்ட தடை, கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் வரை ஒன்றுதான் என்று தொண்டை வறளச் சொன்னேன்.

"கீழ லாட்டரியத் தட பண்ணி எத்தன வருசமாச்சு? மேல தொங்கவிட்டு விக்கிறானா இல்லியா? கீழ கள்ளு கூடாது. மேல கடையே வச்சிருக்கான். அது வேற கவர்மெண்டு ஆத்தா. நான் ஓட்டுன ரோட்டப் பத்தி எனக்குச் சொல்றியா?"

அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. ஆயுசு பூராவும் செக்போஸ்ட்டில் குறுக்கே கிடக்கிற ஒரு மூங்கில் கம்பைத் தாண்டினால் சட்டம் மாறுவதைப் பார்த்தவர்கள் எங்கள் ஆட்கள். கீழே குற்றம், மேலே வியாபாரம். அக்காவோடு காய் எடுத்த பெண்களும் அதையேதான் சொன்னார்கள். மூணாறில் ஓடுவதாக ஒருத்தி சத்தியம் பண்ணினாள். படித்தவள் நான் ஒருத்திதான் அந்தத் தெருவில் முட்டாள்.

போய்ப் பார்த்துவிட்டு வாயை மூடலாம் என்றால் கம்பே திறக்கவில்லை. கொரோனா காலம். இ-பாஸ் இல்லாமல் ஈ கூடத் தாண்ட முடியாது. தோட்டத்தில் காய் பழுத்து உதிர்ந்தது, கீழே பெண்கள் சோலி இல்லாமல் கிடந்தார்கள். அப்பா சென்டருக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்தார், பாஸ் போடச் சொன்னார். காரணம் என்ற இடத்தில் திருமணம், இறப்பு, மருத்துவம் என்று வரிசையாக இருந்தது.

"எறப்புன்னே போடு. பொய்யில்லயே" என்றார்.

போட்டேன். இறப்புச் சான்றிதழ் கேட்டது. இருந்ததை ஏற்றினேன். போன வருடத்துச் சாவு செல்லாது என்று திரும்பி வந்தது. மறுபடியும் போடச் சொன்னார். போட்டேன். மறுபடியும் திரும்பி வந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கி ரோட்டில் எறிந்திருப்பேன். அப்பா நிதானமாக எழுந்து, "நாளைக்குப் பாப்போம்" என்று போனார். அவருக்கு அவசரமே இல்லை. மகள் மேலே பத்திரமாக இருக்கிறாள், வழிதான் அடைத்திருக்கிறது என்பதுபோல நடமாடினார். அதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

பாஸ் கெடுபிடி தளர்ந்த பிறகுதான் போனோம். பைக்கில் அவர் ஓட்ட, நான் பின்னால். வளைவுக்கு வளைவு பனி இறங்கியது. ஒவ்வொரு திருப்பத்திலும் ஹாரன் அடிக்க வேண்டிய ரோடு அது. அப்பா ஒரு இடத்தில்கூட அடிக்கவில்லை. எதிரில் லாரி வந்தபோதும் ஒதுங்கி நின்றாரே தவிர ஹாரனில் கை வைக்கவில்லை.

செக்போஸ்ட்டில் நெற்றிக்கு நேரே கருவியை நீட்டிச் சூடு பார்த்து விட்டார்கள். தாண்டியதும் அக்காவின் போன் அதிர்ந்தது. கேரளாவுக்கு நல்வரவு என்று செய்தி. "பாத்தியா" என்றார் அப்பா. ரோட்டோரமாக வண்டியை நிறுத்தி, சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலையைச் சீவிக்கொண்டார். பிறகுதான், "அமுக்கு ஆத்தா" என்றார்.

அவர் தலை சீவியதை நான் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

திரையில் வட்டம் சுற்றியது. அதே வெள்ளைப் பக்கம், அதே நாலு வரி. "இது இன்னும் நம்ம டவரப் பிடிக்குது. உள்ள போவோம்" என்றார். போனோம். டவர் கண்ணில் படுகிற இடமெல்லாம் நிறுத்தினார். நான் அமுக்கினேன். பூப்பாறை வரை அப்படியே போனோம். அங்கே ஒரு டீக்கடையில் லாட்டரிச் சீட்டுகள் தோரணமாகத் தொங்கிக்கொண்டிருந்தன. அப்பா கடைக்காரரிடமே கேட்டுவிட்டார்.

"அது டெல்லி நிறுத்தினதாக்கும் சேட்டா. இவிடயும் இல்லா" என்றார் அவர்.

"ஒங்க கவர்மெண்டு வேறல்ல?"

"வேறதான். பட்சே, இதுக்கு மட்டும் எல்லார்க்கும் ஒண்ணு."

அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அந்த மனிதர் விவரம் கேட்டார். நான் சொன்னேன். அவருடைய தம்பி துபாயில் இருக்கிறானாம், அங்கே தடை இல்லையாம், அவனைப் பார்க்கச் சொல்லலாம் என்றார். அந்த ஆப்பில் அக்கா வைத்திருந்த பெயரை எழுதிக்கொடுத்தேன். டீ வந்தது. அப்பா சொன்னதே சரியாகிவிடும் போலிருக்கிறதே, கம்பு கொஞ்சம் தள்ளி இருக்கிறது, அவ்வளவுதானே என்று நானே நினைத்தேன்.

தம்பியிடமிருந்து பதில் வந்தது. படமாக அனுப்பியிருந்தான். அக்காவின் சின்ன வட்டமுகம், கீழே ஒரு பூட்டு. அவள் சேர்த்துக்கொள்ளாத யாருக்கும் திறக்காது.

"எதுக்குப் பூட்டுனா?" என்று அப்பா என்னைக் கேட்டார்.

கேட்டவர் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோய்ப் பைக்குக்குப் பக்கத்தில் நின்றார். அந்த நேரத்தில் எனக்கு டெல்லி மேல் கோபம், அந்த ஆப்புக்காரன் மேல் கோபம், செத்துப்போன அக்கா மேலும் கோபம். அப்பாவின் மேல் மட்டும் வரவில்லை. வந்திருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இறங்கும்போது, அவரை எதிலாவது பிடித்து நிறுத்தவேண்டுமே என்று ஒன்று சொன்னேன். இப்போது துபாயிலிருந்து கேட்டாலும் இந்திய நம்பர் எதற்கும் ரகசிய எண் வராது. என்றைக்காவது தடையை எடுத்தால், உள்ளே நுழைய அக்காவின் நம்பருக்குத்தான் அது வரும். நம்பர் உயிரோடு இருந்தால் வீடியோவும் கிடைக்கலாம். ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் அந்த நம்பரை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள்.

அன்றிலிருந்து அந்த நம்பர் சாகவில்லை. மற்றவர்கள் போனுக்குப் பணம் போட மறந்தாலும் அதற்கு அப்பா மறக்க மாட்டார். டிவிக்குப் பக்கத்தில் சார்ஜ் ஏறியபடியே கிடக்கும். எப்போதாவது ஊரில் யாராவது, "தொறந்துட்டானாம்ல" என்று கிளப்பிவிடுவார்கள். அப்பா ஆட்டோவை அப்படியே போட்டுவிட்டு சென்டருக்கு வந்து நிற்பார். நான் அமுக்கிக் காட்டுவேன். சரி என்று போவார். வருடங்கள் ஓடிவிட்டன. அக்காவோடு காய் எடுத்த பெண்கள் இப்போது வேறு ஆப்பில் ஆடுகிறார்கள்.

அந்தப் போனுக்கு அழைப்புகளும் வரும். லோன் வேண்டுமா, கிரெடிட் கார்டு வேண்டுமா என்று அக்காவின் பெயரைச் சொல்லிக் கேட்பார்கள். ஆரம்பத்தில் ஒருத்தியிடம், "செத்த ஆளுக்கு எதுக்குடி லோனு?" என்று கத்தியிருக்கிறேன். அப்பா பதறிப்போய்ப் போனைப் பிடுங்கினார். "அவ செத்துட்டான்னு தெரிஞ்சா நம்பரக் கட் பண்ணிருவான். இனிமே அந்த வார்த்தையச் சொல்லாத" என்றார். அதிலிருந்து நான் எடுப்பதே இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அது விடாமல் அடித்தது. அப்பா வெளியே ஆட்டோ கழுவிக்கொண்டிருந்தார். எடுத்தேன். போன் கம்பெனியிலிருந்து பேசுவதாக ஒரு பெண் சொன்னாள். இந்த நம்பரை இந்தப் பெயரில் இருப்பவர்தான் பயன்படுத்துகிறாரா என்று சரிபார்க்க வேண்டுமாம். அவரிடமே பேச வேண்டுமாம்.

பொய் சொல்ல எனக்கு நாக்கு வராது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதனாலேயே வாங்கிக் கட்டிக்கொண்டவள்.

"அவ மலைக்குப் போயிருக்கா" என்றேன்.

"எப்போ மேடம் பேசலாம்?"

"சாயந்தரம். ஜீப்பு எறங்குனப்புறம்."

வைத்துவிட்டுத் திரும்பினால் வாசலில் அப்பா நிற்கிறார். கையெல்லாம் சோப்பு நுரை. எவ்வளவு நேரம் நின்றார் என்று தெரியவில்லை.

"அங்க டவர் எடுக்காதுன்னு சொன்னியா?" என்றார்.

"சொன்னேன்ப்பா" என்றேன்.