பிரேக் மாமா கலக்கிய நீலம்

எங்கள் குடியிருப்புக்கு ஒரே கேட், ஒரே பூங்கா, மழை வந்தால் ஒரே தலைவலி. என் எதிர்வீட்டுக்காரருக்கு நாங்கள் வைத்த பெயர் பிரேக் மாமா. காலமெல்லாம் டிரைவிங் ஸ்கூல் வண்டியில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, அடுத்தவர் ஓட்டும் வண்டிக்குப் பிரேக் போட்டவர். ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கால் ஓயவில்லை. சோபாவில் உட்கார்ந்திருக்கும்போது எதிராளி கொஞ்சம் வேகமாகப் பேசினால்கூட வலது கால் தரையை அழுத்தும்.

மாமாவுக்குப் பக்கத்து வீடு அவருடைய அக்கா. நர்ஸாக இருந்தவர். எங்கள் எல்லோருக்குமே அவர் அக்காதான். வார்டில் நின்று நின்றே முட்டி தேய்ந்துவிட்டது. காலையில் தம்பி வீட்டுக்குப் போய்க் காபி குடித்து, தம்பியை நாலு திட்டுத் திட்டிவிட்டு வந்தால்தான் அவருக்குப் பொழுது விடியும். ஒரு மழைநாளில் அப்படிப் போகும்போது சேற்றில் வழுக்கி விழுந்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. மாமாதான் ஆடிப்போய்விட்டார். "இனிமே என் அக்கா கால்ல ஒரு பொட்டுச் சேறு படக்கூடாது" என்று இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த தன் தோட்டத்தைப் புல், செடி, பாத்தி என்று பார்க்காமல் வழித்தெடுத்து, ஒரு பிடி மண் தெரியாமல் சிமெண்ட் போட்டுவிட்டார்.

வந்தது வினை. அதுவரை மண் குடித்துக்கொண்டிருந்த தண்ணீரெல்லாம் சிமெண்டில் சறுக்கி, பள்ளத்தில் இருந்த அக்கா வீட்டுப் பின்வாசல் வழியாகச் சமையலறைக்குள் போனது. மாமா தன் ஜன்னலில் நின்று பார்த்து, "பாருங்க, ஒரு சொட்டு நிக்குதா?" என்று பூரித்துப்போவார்.

அக்கா வீட்டில் தண்ணீர் புகுவது மாமாவுக்கும் தெரியும். அது அவர் போட்ட சிமெண்டிலிருந்துதான் வருகிறது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும், அவர் ஒருவரைத் தவிர. அக்கா எங்களைச் சொல்ல விடவில்லை. "எனக்காகத்தானே போட்டான். யாராவது வாயைத் திறந்தீங்க, அப்புறம் ஊசி போட்டுக்க என்கிட்ட வராதீங்க" என்று மிரட்டி வைத்திருந்தார்.

மாமா சும்மா இருந்தாரா? குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் ஒருநாள் பூங்காவை மேடாக்கியதாகச் செயலாளரைப் பிடித்துக்கொண்டார். இன்னொருநாள் மாடித் தண்ணீர்க் குழாயைத் தெருப்பக்கம் திருப்பியதாக எங்கள் தெருத் தையல்காரரிடம் எகிறினார். அக்காவோ ஒவ்வொரு மழைக்கும் குனிந்து குனிந்து துடைத்தார். முட்டி இன்னும் மோசமானது. கடைசியில் அவர் மகள், "வீட்டை வித்துட்டு என்கூட வந்துடும்மா" என்றாள். அக்கா சரி என்றுவிட்டார். தரகர் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார்.

எனக்குக் கோபம் அக்கா மேல்தான். வாயைத் திறந்து சொன்னால் தீர்கிற விஷயத்துக்கு யாராவது வீட்டையே விற்பார்களா?

மாமாவுக்குத் தூக்கம் போயிற்று. "எந்தத் தண்ணின்னு கையும் களவுமா பிடிக்கிறேன்" என்று கிளம்பினார். துணிக்குப் போடும் சாயம் வாங்கி வந்தார். அடுத்த மழையில் பூங்காவில் சிவப்பு, தையல்காரர் வீட்டில் பச்சை ஊற்ற வேண்டும். எந்த நிறம் அக்கா வீட்டுக்கு வருகிறதோ, அந்த ஆள் செத்தான். தன் வீட்டுக்கு மட்டும் சொட்டு நீலம்.

"நமக்கு எதுக்குங்க?" என்று அவர் மனைவி தயங்கினார்.

"நியாயம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான். நம்ம தண்ணி எங்க போகப்போகுது? வீட்ல இருக்கிறதை ஊத்தினா போதும்."

மழை ஒரு மத்தியானம் வந்தது. மாமா நீலத்தைச் சிமெண்டில் கவிழ்த்துவிட்டு, குடையைத் தூக்கிக்கொண்டு பூங்காவுக்கு ஓடினார். சிவப்பு சமர்த்தாக வடிகாலில் இறங்கியது. பச்சையும் அப்படியே. நான் அக்கா வீட்டுக்கு ஓடினேன். சமையலறை முழுக்க நீலம்.

"பார்த்துட்டு நிக்காதே, துணியை எடு! அவன் வர்றதுக்குள்ள துடைக்கணும்" என்றார் அக்கா. பின்வாசலில் சாக்கை அடைத்துவிட்டு இருவரும் துடைத்தோம், பிழிந்தோம், மறுபடி துடைத்தோம். தரை பளிச்சென்று ஆனது. நான் மூச்சு வாங்க ஸ்டூலில் உட்காரவும் மாமா உள்ளே வரவும் சரியாக இருந்தது.

"என்ன கலர் வந்துச்சுக்கா?"

"ஒண்ணும் வரலைடா. இன்னைக்குத் தண்ணியே வரலை."

மாமா தரையைப் பார்த்தார். பிறகு அக்காவின் பாதங்களைப் பார்த்தார். இரண்டும் கணுக்கால்வரை நீலம். நான் என் கால்களை ஸ்டூலுக்கு அடியில் இழுத்துக்கொண்டேன்.

அவருடைய வலது கால் தரையை அழுத்தியது. "எப்போலேருந்துக்கா?"

"நீ சிமெண்ட் போட்டதுலேருந்துதான்."

"ஏன் சொல்லலை?"

"எனக்குன்னு ஆசையா போட்டியே. எப்படிடா சொல்றது?"

மாமா அந்த ஈரத்திலேயே உட்கார்ந்து அழுதார். அவரை அப்படிப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாளே ஆள் வைத்துச் சிமெண்டைப் பெயர்த்தார். அவரும் ஒரு கடப்பாரையோடு நின்றார். வேலியோரம் வாய்க்கால் வெட்டி ஜல்லி நிரப்பி, அதைப் பொது வடிகாலில் சேர்த்தார்கள். மற்ற இடமெல்லாம் மறுபடி மண். அடுத்த மழையில் அக்கா வீட்டுச் சமையலறை காய்ந்து கிடந்தது. ஆனால் புல் இன்னும் பிடிக்கவில்லை, நடுவில் ஒரே சேறு. அக்கா அதில் கால் வைக்கக்கூடாது என்று மாமா உத்தரவு. அதனால் இப்போது காலைக் காபிக்கு அவர்தான் அங்கே போகிறார். அவர் வாங்கிக்கொள்ளும் திட்டு என் வீடுவரை கேட்கிறது.

விலை பேசத் தரகர் மறுபடி வந்த அன்று நான் அக்கா வீட்டு வாசலில் நின்றிருந்தேன். தரையில் சேற்றுக் கால்தடங்கள், அக்கா கையில் துடைக்கும் துணி. அதில் நீலம் இன்னும் முழுசாகப் போகவில்லை.

"இன்னும் தண்ணி வருதாம்மா?" என்றார் தரகர்.

"தண்ணியெல்லாம் இல்லைப்பா. தம்பி வந்துட்டுப் போனான்" என்றார் அக்கா. தரகரை உள்ளே கூப்பிடவில்லை.