மலையில்லாத ஊரில் ஒரு சரிவு

மலைச் சைக்கிளை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று அப்பா வீட்டோடு சேர்ந்த கடையின் கல்லாவிலிருந்து எழுந்து வந்து டயரை அழுத்திப் பார்த்தார். தண்டையார்பேட்டையில் பருப்பு மொத்த வியாபாரம் செய்கிறார். சென்னைக்கு வந்து எவ்வளவோ காலமாகியும் பேச்சிலிருந்து தூத்துக்குடி போகவில்லை.

"ஏட்டி, மலையே இல்லாத ஊருல மலை சைக்கிள வாங்கி எது மேல ஏத்தப் போற?"

நியாயமான கேள்வி. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நிலம் மேசை போலத்தான் கிடக்கிறது. எனக்கு அது பெரிய குறையாகத் தெரியவில்லை. கடற்கரைச் சுவரை ஒட்டிய மணல் தடம், குழாய்களோடு கூடவே ஓடும் மண் பாதை, உப்பளத்து வரப்பு என்று ஓட்டுவதற்கு நிறைய இருந்தது. சரிவு வேண்டியிருந்தது என் தோழிக்கு.

அவள் திருவொற்றியூர் குப்பத்துக்காரி. ஒரு கண்டெய்னர் கிடங்கில் வந்து போகும் பெட்டிகளின் எண்களைச் சரிபார்க்கும் வேலை. அந்த வேலைக்கே எண்ணூர் சாலையில், டிரெய்லர் லாரிகளின் நடுவே, தினமும் சைக்கிளில் போய் வருகிறவள். முந்தைய ஆண்டு ஏலகிரிப் பக்கம் நடந்த ஒரு மலைச் சைக்கிள் போட்டியில் சேர்ந்தாள். ஏற்றத்தில் பலரை முந்தினாள். இறக்கம் வந்ததும் சைக்கிளை விட்டு இறங்கிவிட்டாள். கற்கள் நிறைந்த அந்தக் காட்டுப் பாதை முழுவதும் உருட்டிக்கொண்டே நடந்து வந்தாள். குறித்த நேரத்துக்குள் முடிக்கிற எல்லாருக்கும் பதக்கம் உண்டு; அவளுக்கு நேரம் முடிந்துபோனது, பதக்கம் இல்லை. கூட வந்த தம்பி எடுத்த வீடியோ தெரு முழுக்கப் போனது.

"இன்னாக்கா, நாயைக் கூட்டிகினு போற மாதிரி சைக்கிளை வாக்கிங் கூட்டிகினு போயிருக்கே?" என்று டீக்கடையில் கேட்டார்களாம்.

"இந்த வாட்டி கால ஊனாம எறங்கணும்மே. எனுக்கு வேற ஒண்ணும் வாணாம்" என்றாள் என்னிடம்.

நான் பம்ப் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் அதிர்வுச் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். எதையும் முதலில் வரிசைப்படுத்திக்கொள்வது என் பழக்கம். வடசென்னையில் சாய்வாக இருக்கும் இடங்கள் எவை? மேம்பாலங்கள். ரயில் பாதையின் மண்மேடு. மீன்பிடித் துறைமுகத்தில் படகுகளைக் கரையேற்றும் சாய்தளம். தூர்வாரிக் கொட்டிய மணல் குன்றுகள். சாம்பல் குளத்துக் கரைகள். கைபேசியில் கோணம் அளக்கும் செயலியை ஏற்றிக்கொண்டேன். ஞாயிறு காலைகளில் ஒவ்வொன்றாகப் பார்க்கப் போனோம்.

மேம்பாலத்தில் சரிவு போதவில்லை, லாரிகள்தான் இருந்தன. பேசின் பிரிட்ஜ் பக்கத்து மண்மேட்டில் கால் வைப்பதே குற்றம் என்று பலகை சொன்னது, திரும்பிவிட்டோம். துறைமுகச் சாய்தளத்தில் கோணம் அருமை, ஆனால் பாசி. நான் குனிந்து கைபேசியைத் தரையில் வைத்து அளப்பதை, வலை தைத்துக்கொண்டிருந்த ஒருவர் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இன்னா பாப்பா, எதுனா வுழுந்துட்ச்சா?"

"இல்லண்ணே, சரிவு தேடறோம்."

"இங்க இன்னா சரிவு கீது? மீன் வெலையத் தவிர எல்லாம் சமம்தான்."

மணல் குன்றில் சக்கரம் பாதி புதைந்தது. கடைசியில் அத்திப்பட்டுக்கு அருகே, இப்போது பயன்படுத்தாத ஒரு சாம்பல் குளத்தின் கரை கிடைத்தது. அனல்மின் நிலையத்துச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் கொண்டுவந்து தேக்குவதற்காகக் கட்டிய கரை. இரண்டு மாடி உயரம் இருக்கும். வெளிப்பக்கச் சரிவில் சரளைமண் கொட்டி இறுக்கியிருந்தார்கள். அதன் மேல் எருமைகள் நடந்து நடந்து, கோணல்மாணலாக, ஒரு சைக்கிள் மட்டும் போகக்கூடிய அகலத்தில் ஒரு தடம் போட்டிருந்தன.

அந்தத் தடத்தை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எருமை நேராக இறங்குவதே இல்லை. செங்குத்தாகும் இடம் வந்ததும் பக்கவாட்டில் திரும்பி, கொஞ்சம் நடந்து, மறுபடி வளைகிறது. அளந்து பார்த்தால் மேலிருந்து கீழ்வரை சாய்வு ஏறக்குறைய ஒன்றுதான். மலைச் சைக்கிள் பாதை அமைப்பவர்கள் செய்ய விரும்புவதும் இதுவே. எப்படி முடிவெடுக்கிறது, முன்கால் வழுக்கும்போதா, அதற்கு முன்பேயா என்று தெரிந்துகொள்ள ஒரு எருமையின் பின்னாலேயே இறங்கினேன். தெரியவில்லை. இன்னும் யோசிக்கிறேன்.

எருமைகளை ஓட்டி வந்த அம்மா சிரித்தார். "எங்கேர்ந்து வரீங்கோ?"

"திருவொத்தியூரு" என்றாள் தோழி.

"ஏன், அங்க எருமையே இல்லியா?"

அந்தக் கரையில் பயிற்சி தொடங்கியது. இருக்கையைத் தாழ்த்து, உடம்பைப் பின்னுக்குத் தள்ளு, பிரேக்கில் இரண்டு விரல் மட்டும் வை என்று நான் படித்ததையெல்லாம் சொன்னேன். அவள் எல்லாவற்றையும் சரியாகவே செய்தாள். ஆனாலும் பாதிச் சரிவில் சைக்கிள் ஆடும், கால் தரைக்கு வரும். எல்லா முறையும் அதேதான். பயமா என்று கேட்டேன். "பயமெல்லாம் இல்லமே. தானா ஆடுது, பேஜாரா கீது" என்றாள்.

தானாக எதுவும் ஆடாது என்பது என் தொழிலில் முதல் பாடம். அவள் இறங்குவதைக் கீழே நின்று படமெடுத்து, வீட்டில் மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தேன். சக்கரத்தைப் பார்த்தேன், கையைப் பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. பிறகுதான் தலையைப் பார்த்தேன். சைக்கிள் ஆடுவதற்குச் சற்று முன்னால், ஒவ்வொரு முறையும், அவள் வலது தோளுக்கு மேலாகத் திரும்பிப் பின்னால் பார்க்கிறாள். கண் சிமிட்டும் நேரம்தான். கழுத்து திரும்பியதும் தோள் திரும்புகிறது, தோளோடு கைப்பிடியும்.

எண்ணூர் சாலையில் ஆபத்து எப்போதும் பின்னாலிருந்துதான் வரும். வலப்பக்கம் உரசிக்கொண்டு போகும் டிரெய்லர். வேகம் கூடினால் திரும்பிப் பார்ப்பது என்று அவள் கழுத்துக்குப் பழகியிருந்தது. எருமைத் தடத்திலும் அவள் லாரியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

வீடியோவைக் காட்டினேன்.

"அய்யே, நானா அது? எவனைத் தேடறேன்?"

"கண்டெய்னரை."

விழுந்து விழுந்து சிரித்தாள். காரணம் தெரிந்துவிட்டதால் சரியாகிவிடும் என்று நான் நினைத்தேன். ஆகவில்லை. "எனுக்குத் தெரிஞ்சு இன்னா பண்றது, கழுத்துக்குத் தெர்ல" என்றாள். மொபெட் கண்ணாடி ஒன்றைக் கைப்பிடியில் மாட்டிப் பார்த்தோம். கண்ணாடியையே பார்த்துக்கொண்டு போய்க் கருவேலஞ்செடிக்குள் நுழைந்தாள். பிறகு நான் அவளுக்குப் பின்னால் ஓட்டிக்கொண்டு, "நான்தான் வரேன், நான் மட்டும்தான் வரேன்" என்று கத்திக்கொண்டே இறங்கினேன். அது பலித்தது. கடைசிவரை கால் ஊன்றாமல் இறங்கினாள். ஆனால் போட்டியில் பின்னால் வரப்போவது நானில்லை. முகம் தெரியாத யாராரோ, வழி விடு என்று கூவிக்கொண்டு வருவார்கள். இதற்கு என்னிடம் விடை இல்லாமலேயே போட்டி நாள் வந்தது.

நான் போட்டியில் சேரவில்லை. இறக்கத்தின் நடுவே ஒரு வளைவில் நின்று தண்ணீர் கொடுக்கும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். முதல் ஆட்கள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனார்கள். பிறகு கும்பலாக, பிறகு ஒன்றிரண்டாக. ஏற்றத்தில் நன்றாக ஓட்டுகிறவள் இந்நேரம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தடம் வெறிச்சோடியது. மறுபடி இறங்கி நடக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது மஞ்சள் உடுப்புப் போட்ட ஒரு பையன் வந்தான். எல்லாருக்கும் கடைசியில் வந்து, யாரும் விடுபடவில்லை என்று பார்த்துச் சொல்லவேண்டியவன். முகம் வாடியிருந்தது.

"மேல இன்னும் யாராவது இருக்காங்களா?" என்று கேட்டேன்.

"ஒரு அக்கா இருக்காங்க. உச்சியிலயே நின்னு எல்லாரையும் முன்னால அனுப்பிட்டாங்க. நான்தான் கடைசி ஆளு, ரூல்ஸ்னு சொன்னேன். 'நீ போ நைனா, நான் கடைசிக்கும் கடைசி'ன்னு தொரத்தி விட்டுட்டாங்க."

எனக்குப் புரிய ஒரு நொடி ஆனது. பையனைப் போகச் சொல்லிவிட்டு மேலே பார்த்தேன்.

அவள் வந்தாள். தனியாக. உடம்பு பின்னுக்கு, முழங்கை விரிந்து, மோவாய் நேராக. பாறைத் துண்டுகள் சக்கரத்துக்கடியில் கடகடத்தன. நான் டம்ளரை நீட்டினேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. வளைவில் திரும்பி மரங்களுக்குள் மறைந்தாள். கழுத்து ஒருமுறையும் திரும்பவில்லை.

தண்ணீர்க் கேனை விட்டுவிட்டுக் குறுக்குவழியில் கீழே ஓடினேன். முடிவுக்கோட்டில் பந்தலைப் பிரிக்கத் தொடங்கியிருந்தார்கள். அவள் புல்லில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். நேரம் முடியக் கொஞ்சம் இருக்கும்போதே கோட்டைத் தொட்டுவிட்டாள். பதக்கம் கழுத்தில் பின்பக்கமாகத் தொங்கியது.

"கால் ஊனவே இல்லியா?"

"ஊனவே இல்ல. அத்தினி பேரும் முன்னால பூட்டாங்க. பின்னால எவனும் இல்லன்னு எனுக்கே தெரியும். அப்பறம் இன்னாத்துக்குத் திரும்பணும்?"

"இப்பதான் இறங்கத் தெரிஞ்சிடுச்சே. அடுத்த வருஷம் முன்னால போயேன்."

யோசித்தாள்.

"வாணாம்மே. கடைசியா வந்தா மலை மொத்தமும் நமக்குத்தான். எந்தக் கண்டெய்னரும் கெடையாது" என்றவள், என் பையை இழுத்தாள். "பிஸ்கட் எதுனா வெச்சிகிறியா?"