மாமாவுக்கும் சக்கரத்துக்கும் நடுவில்

என் அக்கா வீட்டுக்காரர், தீபத் திருவிழாவில் பெரிய தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவர். ஓடி வரும் தேரின் சக்கரத்துக்கு முன்னால் கட்டையைக் கொடுத்து, வேகத்தை அடக்கி, மாட வீதி முனையில் தேரைத் திருப்பிவிட வேண்டும். அரசாங்க ஆபீசில் நான் போட்டுக்கொண்டிருந்த முட்டுக்கட்டை வேறு வகை. அதில் யார் உயிருக்கும் ஆபத்தில்லை.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அக்கா ஒரு தடவைகூட அவர் வேலையைப் பார்த்ததில்லை. தேரன்று சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவாள். தேர் நிலைக்கு வந்துவிட்டது என்று யாராவது வந்து சொன்னால்தான் தண்ணீரே குடிப்பாள். எழுபதுகளின் கடைசியில் ஒருநாள் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"டேய், அவரு அங்க எப்படி நிக்கிறாருனு ஒரு போட்டோ எடுத்துக் குடுடா. நேர்ல பாக்க பயமா இருக்கு. போட்டோல தேர் ஓடாதில்ல?"

போட்டோவைப் பார்த்து மனசு தைரியப்பட்டால் அடுத்த தேருக்காவது நிம்மதியாகச் சாப்பிடலாம் என்று நினைத்தாள்.

என்னிடம் ஒரு பெட்டி கேமரா இருந்தது. சக்கரத்துக்குப் பக்கத்தில் போக போலீஸ் விடாது. விட்டாலும் நான் போகமாட்டேன். ஆகவே ஒரு ஜவுளிக்கடை மொட்டை மாடியிலிருந்து எடுத்தேன். படத்தில் கோபுரம் இருந்தது, தேர் இருந்தது, மாமா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புள்ளி இருந்தது. "இதுதான் அவரா?" என்று அக்கா கேட்டாள். மாமாவாக இருக்கலாம். கீழே விழுந்த மாவிலையாகவும் இருக்கலாம்.

அடுத்த வருஷம் தேரடித் தெருவில் ஸ்டுடியோ வைத்திருந்த பாயிடம் போனேன். அவருக்கு உலகமே கல்யாண வீடுதான்.

"நம்ம கேமராவுல எடுத்தா பொண்ணு மூக்குத்தியில எத்தன கல்லுனு எண்ணிடலாம் தம்பி."

"பொண்ணு உக்காந்துட்டு இருக்கும் பாய். எங்க மாமா ஓடுவாரு. அதுவும் தெருக்கோடியில."

பாய் தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார். அவர் கேமராவில் லென்ஸைக் கழற்ற முடியாது. கழற்றி மாட்டுகிற கேமராவும், தூரத்தில் இருப்பதை இழுத்துக் கொண்டுவருகிற நீள லென்ஸும் வேண்டும் என்றார். அது கீழ்பென்னாத்தூரில், சிங்கப்பூர் போய்வந்த என் கூட்டாளியிடம் இருந்தது. அதைப் பிறந்த குழந்தையைப்போல டர்க்கி டவலில் சுற்றி வைத்திருந்தான். கெஞ்சிக் கூத்தாடி வாங்கிவந்தேன்.

லென்ஸ் இரண்டு இருந்தன. எது தேவலாம் என்று பார்க்க ஸ்டுடியோ மாடிக்கு ஏறினோம். சின்னதில் தெருக்கோடி ஓட்டலின் பலகையைப் படிக்க முடிந்தது. பெரியதை மாட்டிப் பார்த்தேன். வேலூரில் மீட்டிங் என்று சொல்லிவிட்டுப் போன எங்கள் சூப்பிரண்டு, அந்த ஓட்டலில் உட்கார்ந்து இன்னொரு ரவா தோசைக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். வாயோரத்துச் சட்னி வரைக்கும் துல்லியம். லென்ஸ் முடிவாகிவிட்டது.

அதன் கனத்தில் கை ஆடியது. ஆடினால் படம் கலங்கும் என்று, பாய் கைப்பிடிச் சுவரில் ஒரு சின்னக் கடலை மூட்டையை வைத்து அதன்மேல் லென்ஸைப் படுக்கவைத்தார். தேரன்று ஒரு பக்கச் சங்கிலியை ஆண்களும் மறுபக்கத்தைப் பெண்களும் இழுக்க, அரோகரா சத்தத்தில் மாடியே அதிர, தேர் நேரே எங்களைப் பார்த்து வந்தது. "இப்ப எடு தம்பி, இப்ப!" என்று பாய் என் காதில் கத்தினார். எடுத்தேன்.

படம் பிரமாதமாக வந்தது. நெற்றி விபூதியில் வேர்வை வழிந்த கோடுகூடத் தெரிந்தது. பெருமை பொங்க அக்காவிடம் நீட்டினேன். வாங்கிப் பார்த்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"சக்கரம் முதுகு மேல இருக்குடா!"

அப்போதுதான் நானும் கவனித்தேன். நீள லென்ஸ் தூரத்தில் இருப்பதை மட்டும் இழுப்பதில்லை. முன்னால் இருப்பதையும் பின்னால் இருப்பதையும் சேர்த்து ஒட்டவைத்துவிடுகிறது. படத்தில் மாமாவுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு வாழைப்பழம் நுழையாது.

"எட்டடி தள்ளி நின்னேன் மச்சான்! உன்ன யாரு இந்தக் கர்மத்த எடுக்கச் சொன்னது?" என்று மாமா குதித்தார். லென்ஸின் குணத்தை நான் விளக்கினேன். "கண்ணால பாக்கறது பொய்யாடா?" என்றாள் அக்கா. இனிமேல் அவர் தேர்ப்பக்கம் போகக்கூடாது என்று தீர்ப்பாகிவிட்டது.

மாமா என்னிடம் பேசுவதை நிறுத்தினார். அது போகட்டும். ஆனால் தேரடிப் பக்கம் போகவே கூச்சப்பட்டு, சைக்கிளில் ஊரைச் சுற்றிக்கொண்டு போகிற அந்த மனுஷனைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. அடுத்த கார்த்திகை வந்ததும் அக்காவிடம் போய், "என் போட்டோவ நம்பாத. இந்த ஒரு வருஷம் அவர விடு. நீயே வந்து பாரு. அப்புறம் உன் இஷ்டம்" என்றேன். எப்படியோ சம்மதித்தாள்.

இந்தத் தடவை வீதி முனையில், திருப்பத்துக்கு நேர் மேலே இருந்த மாடியில் நின்றோம். கேமரா கிடையாது. அக்கா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். தேர் வந்தது. மாமா குனிந்து கட்டையைக் கொடுத்தார். சக்கரம் கட்டைமேல் ஏறி, முனகி, திரும்பியது. அவர் காதுக்கும் சக்கரத்துக்கும் ஒரு சாண்கூட இல்லை. எட்டடியாம், எட்டடி! பாவம், என் லென்ஸ் அப்படியொன்றும் பொய் சொல்லியிருக்கவில்லை.

அக்காவின் நகம் என் கையில் பதிந்தது. அவள் கண்ணை மூடவில்லை. கட்டையை உருவிக்கொண்டு துள்ளி விலகிய மாமா ஜனங்களைப் பார்த்துக் கையை உயர்த்தினார். வீட்டில் நாங்கள் யாரும் பார்த்தே இராத ஒரு சிரிப்பு அவர் முகத்தில் இருந்தது.

மறுநாள் மதியம் சாப்பாட்டில் மாமா தலையை நிமிர்த்தவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே, அக்காவிடம் "பாத்தியா?" என்றார்.

"பாத்தேன்."

"எவ்ளோ தள்ளி நின்னேன்?"

நான் அக்காவைப் பார்த்தேன்.

"எட்டடிக்கு ஜாஸ்தியாவே இருக்கும்" என்றாள் அக்கா.

மாமா என் பக்கம் திரும்பினார். ஒரு வருஷத்துக்கு அப்புறம் அன்றுதான் என்னிடம் பேசினார். "நான் சொல்லல? உன் கேமராதான் சரியில்ல மச்சான்."

அக்கா எனக்குக் குழம்பு ஊற்றினாள். பாதி இலைக்கு வெளியே சிந்தியது.

"ஆமா மாமா, கேமராதான் சரியில்ல" என்றேன்.