படித்துறையில் போட்ட மேடை

எங்கள் ஊரில் ஒருவர் இன்னொருவருக்குச் சால்வை போர்த்துகிறார் என்றால், போர்த்துகிறவருக்கு ஏதோ ஒன்று வேண்டியிருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றதில் எனக்கும் ஒரு பீரோத் தட்டு நிறையச் சால்வைகள் சேர்ந்தன. உடுத்த முடியாது, விரிக்க முடியாது, தரையைத் துடைத்தால் தண்ணீரையும் உறிஞ்சாது. கிரைண்டரை மூட ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை வீட்டு வேலைக்கு வருகிற பெண்ணிடம் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து, "இத வச்சிக்கிட்டு என்னங்க டீச்சர் பண்றது?" என்று அவள் அப்படியே திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டாள்.

இந்தச் சால்வைகளை வாங்கி ஊருக்கு விநியோகிப்பதற்கென்றே எங்களிடம் ஒரு நற்பணி மன்றம் இருக்கிறது. அதன் தலைவர் கல்யாண மண்டபம் வைத்திருப்பவர். மண்டபத்தில் முகூர்த்தம் இல்லாத நாட்களில் அவருக்குப் பொதுச்சேவை ஞாபகம் வரும். ரத்ததான முகாம் நடத்தினால், ரத்தம் கொடுப்பவன் படுத்துக் கிடப்பான். இவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு காமிராவைப் பார்த்துச் சிரிப்பார். மரக்கன்று நட்டால் ஒரே கன்றில் மன்றமே கை வைக்கும். அடுத்த வாரம் அதை ஆடு கடித்துவிடும். மன்றத்தால் பசியாறிய உயிர் என்று எனக்குத் தெரிந்து அந்த ஆடு ஒன்றுதான்.

சில வருஷங்களுக்கு முன்பு இந்த மன்றத்துக்கு ஒரு யோசனை வந்தது. ஊருக்காக வருஷக்கணக்கில் உழைத்தும் வெளியே தெரியாமல் இருப்பவர்களைத் தேடிப் பிடித்துக் கௌரவிக்க வேண்டுமாம். 'ஊரறியா நாயகர்கள்' என்று பெயர் வைத்தார்கள். தேடிப் பிடித்ததில் முதலில் அகப்பட்டவர் தலைவருடைய சம்பந்தி. அடுத்தவர் கோடையில் தண்ணீர்ப் பந்தல் வைக்கும் நெல் வியாபாரி. பானையைவிடப் பெரிதாகத் தன் படத்தை மாட்டி வைக்கிறவரை ஊர் எப்படி அறியாமல் இருக்கும்? இப்படி நாலைந்து பேரைப் போட்ட பிறகு, நிஜமாகவே ஒருவர் இல்லாவிட்டால் ஜனங்கள் சிரிப்பார்களே என்று யாருக்கோ உறைத்திருக்க வேண்டும். அவரைச் சேர்த்தார்கள்.

அவர் நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறவர். இருபது வருஷத்துக்கு மேலாக ஒவ்வோர் ஆடிப்பெருக்குக்கும் விடியற்காலையிலிருந்து பொழுது சாயும்வரை எங்கள் படித்துறையின் கடைசிப் படிக்கு அப்பால், மார்பளவு தண்ணீரில், கையில் நீள மூங்கில் கழியோடு நிற்பார். அந்த இடத்தில்தான் ஆபத்து. லாரி லாரியாக மணல் அள்ளியதில் ஆற்றுக்குள் கிணறு கிணறாகப் பள்ளங்கள் விழுந்திருக்கின்றன. மேட்டூர்த் தண்ணீர் வந்து நிறைந்துவிட்டால் மேலே ஒன்றும் தெரியாது, எல்லாம் ஒரே பழுப்பாக ஓடும். தலைவரின் மண்டபத்துக்கு மணல் எங்கிருந்து வந்தது என்று நான் இதுவரை கேட்டதில்லை.

தண்ணீருக்குள் நிற்கும்போது அவருக்குச் சாந்தமெல்லாம் கிடையாது. வாய் கூசாமல் திட்டுவார். கல்யாண மாலையை நடு ஆற்றில் விடவேண்டும் என்று இறங்குகிற புது மாப்பிள்ளைகளுக்குத்தான் அர்ச்சனை அதிகம். "டேய் பட்டு வேட்டி! இன்னும் ஒரு அடி வச்ச, கழியாலயே போடுவேன். மாலைய விடத்தான வந்த, நீயும் சேந்து போறியா?" ஒருமுறை காதோலை கருகமணியை விட நான் கொஞ்சம் தள்ளி இறங்கியபோது, "டீச்சர், பாடமெல்லாம் கரையில வச்சுக்குங்க, ஏறுங்க மேல" என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் ஏறினேன். அவர் நின்ற காலத்தில் எங்கள் படித்துறையில் ஆடிப்பெருக்கு அன்று ஒரு உயிர்கூடப் போனதில்லை.

ஆனி மாதக் கடைசியில் ஒருநாள் தலைவர் அவரையும் அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். தலைவர் சோபாவில் சாய்ந்தார். அவர் சோபாவின் நுனியில் பட்டும் படாமலும் உட்கார்ந்தார்.

"டீச்சர், இவரப் பத்தி நல்லா உருக்கமா ஒரு வாழ்த்து மடல் எழுதிக் குடுங்க. கேக்கறவன் கண்ணு கலங்கணும்."

"என்னைக்கு விழா?" என்றேன்.

"ஆடிப்பெருக்கு அன்னைக்குத்தான். படித்துறையிலயே மேடை போடறோம்."

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். மூட்டை தூக்குகிறவர் தயங்கித் தயங்கி, "அதாங்க நானும் சொல்லிட்டிருக்கேன். வேற நாளு வச்சுக்கலாமுங்க. அன்னைக்கு நான் தண்ணியில நிக்கணுமுல்ல" என்றார்.

"வேற நாள் வச்சா யாருய்யா வருவா? பஸ் வச்சு ஆள் கூட்டிக்கிட்டு வரணும். அன்னைக்குன்னா கூட்டம் தானா வரும்."

"இவர் மேடையில உக்காந்தா தண்ணியில யாரு நிக்கிறது?" என்று நான் கேட்டேன்.

"அரை மணி நேரம் டீச்சர்! நம்ம பசங்க நாலு பேரு மன்றத்து பனியன் போட்டு நிக்கிறாங்க. போலீசும் இருக்கு."

நீங்களே எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். அவரால் அப்படிச் சொல்ல முடியவில்லை. கொள்முதல் நிலையத்தில் யார் மூட்டை தூக்குவது, யார் வீட்டில் உட்காருவது என்பதில் தலைவரின் பேச்சு எடுபடும். "சரிங்க" என்று எழுந்து போனார்.

ஆடிப்பெருக்கன்று காலை நான் போனபோது மேடை தயாராக இருந்தது. ஆறு பின்னால் தெரிந்தால் போட்டோ அழகாக வரும் என்று, உட்காருகிறவர்களின் முதுகு ஆற்றைப் பார்க்கும்படி போட்டிருந்தார்கள். ஃபிளெக்ஸில் தலைவர் முகமும் சிறப்பு விருந்தினராக வரப்போகிற பெரிய மனிதரின் முகமும் அண்டா அளவில் இருந்தன. நாயகர்களின் முகங்கள் கீழே வரிசையாக, தபால்தலை அளவில் இருந்தன. அரசமரத்தில் கட்டிய கூம்பு ஸ்பீக்கர்கள் படித்துறைப் பக்கம் திரும்பியிருந்தன. குளிக்க வந்தவர்களும் உரை கேட்டே ஆகவேண்டும் என்ற ஏற்பாடு.

அவருக்குக் கரைவேட்டியும் முழுக்கைச் சட்டையும் மாட்டிவிட்டிருந்தார்கள். நிகழ்ச்சி பத்து மணிக்கு என்று போட்டிருந்தது. பெரிய மனிதர் தஞ்சாவூரிலிருந்து கிளம்பிவிட்டார் என்று மைக்கில் அறிவித்துக்கொண்டே இருந்தார்கள். அவர் கிளம்பிக்கொண்டே இருந்தார். உச்சி வெயில் ஏறியது. ஊருக்குள் நல்ல நேரம் பார்த்துப் புறப்பட்ட குடும்பங்கள் ஒவ்வொன்றாக வந்து இறங்கின. இரண்டு தடவை மூட்டை தூக்குகிறவர் மேடையை விட்டு இறங்கிப் படித்துறைக்குப் போனார். இரண்டு தடவையும் கமிட்டிக்காரர்கள் தோளில் கை போட்டுக் கூட்டிவந்து உட்கார வைத்தார்கள். மைக்கில் 'அவர்' என்றவர்கள், கீழே இறங்கி, "அவன ஒரு இடத்துல உக்கார வைங்கப்பா, மானத்த வாங்குறான்" என்று பேசிக்கொண்டதை முன்வரிசையில் இருந்த நான் கேட்டேன்.

ஒருவழியாகக் கார் வந்தது. வெடி வெடித்தார்கள். தண்ணீரோரம் நின்ற நான்கு மன்றத்துப் பனியன்களும் காரை நோக்கி ஓடிவந்தன. கையில் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பெரிய மனிதரோடு படம் எடுத்தார்கள், பிறகு மேடைக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டார்கள். பந்தோபஸ்துக்கு வந்த இரண்டு போலீஸ்காரர்களும் பெரிய மனிதரைத்தான் காத்தார்கள். நான் எழுந்து போய், "தண்ணியில ஒருத்தரும் இல்லங்க, யாரையாவது அனுப்புங்க" என்று ஒரு கமிட்டிக்காரரிடம் சொன்னேன். "சீஃப் கெஸ்ட் பேசுறப்ப குறுக்க நடக்காதீங்க டீச்சர்" என்றார். பட்டம் வாங்கி, பிள்ளைகளை இன்ஜினியராக்கிய ஆள்.

வாழ்த்து மடலை வேறு யாரோ எழுதிக் கொடுத்திருந்தார்கள். 'காவிரி பெற்றெடுத்த கருணைக் கடலே' என்று தொடங்கியது. ஆறு கடலைப் பெற்ற அந்த அதிசயத்துக்குக் கை தட்டினார்கள். அவர் சால்வைக்குள் வியர்த்து ஒழுகிக்கொண்டு, கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பின்னால் பார்த்தார். பக்கத்தில் நின்றவர் இரண்டு விரலால் அவருடைய மோவாயைப் பிடித்து முன்பக்கம் திருப்பி வைத்தார். "நேராப் பாருங்க, போட்டோ எடுக்கறாங்கல்ல." அதை நான் கண்ணால் பார்த்தேன். இப்போது நினைத்தாலும் அந்த விரலை முறிக்கவேண்டும் போல இருக்கிறது.

அந்த நேரத்தில்தான் எங்கள் கீழத்தெருக் குடும்பம் ஒன்று படித்துறையில் தாலிக்கயிறு மாற்றிவிட்டு, கல்யாண மாலைகளை விட இறங்கியிருக்கிறது. பெண் எங்கள் ஊர். மாப்பிள்ளை பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புக்காரர்; மோட்டார் தொட்டியில் குளித்து வளர்ந்த பிள்ளை. இந்த ஆற்றைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? ஓரத்தில் விட்ட மாலை படியிலேயே வந்து ஒதுங்கவும், எடுத்துக்கொண்டு தள்ளிப் போயிருக்கிறார். திட்டுவதற்கு அங்கே ஆள் இல்லை. பெண்கள் கத்தியது ஒருவர் காதிலும் விழவில்லை. ஸ்பீக்கரில் பெரிய மனிதர் தியாகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

தலைவிரி கோலமாக ஒரு பெண் ஓடிவந்து மேடைப் பலகையைக் கையால் அறைந்த பிறகுதான் தெரிந்தது. அவள் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே அவர் எழுந்துவிட்டார். சால்வையோடு மேடையின் பின்பக்கமாகக் குதித்து ஓடினார். "யாரும் பதற்றப்பட வேண்டாம், விழா தொடர்ந்து நடைபெறும்" என்று தலைவர் மைக்கில் சொன்னார். ஆமாம், அதைத்தான் சொன்னார்.

முங்கி முங்கிப் பார்த்து, வெகு கீழே தள்ளித்தான் மாப்பிள்ளை அவர் கையில் அகப்பட்டார். தூக்கிவந்து படியில் போட்டு நெஞ்சை அமுக்கினார், வாயில் ஊதினார். ஒரு பயனும் இல்லை. ஊர்க்காரர்கள் வலுக்கட்டாயமாக அவரை விலக்கி, பிள்ளையை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். பெரிய மனிதரின் கார் ஆம்புலன்ஸுக்கு முன்னாலேயே போய்விட்டிருந்தது.

பிறகு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன், அதைச் சுமந்துகொண்டு கடைசி வரைக்கும் போக எனக்குப் பொறுமையில்லை. "அரை மணி நேரந்தாங்க கூப்பிட்டோம், அவரே ஆசைப்பட்டுத்தான் வந்தாரு" என்று தலைவர் போலீசிடம் சொன்னார். டீக்கடையில் அதுவே வளர்ந்து, "மேடை ஆசைங்க, சால்வையக் கண்டதும் ஆத்த மறந்துட்டான்" என்று ஆனது. மன்றத்தின் வாட்ஸ்அப்பில் அன்று மாலையே ஆழ்ந்த இரங்கல் வந்தது. இறந்த பையனின் படம் கிடைக்கவில்லை போலிருக்கிறது, தலைவர் படம் இருந்தது. அடுத்த ஆடிக்குள் படித்துறையில் வரிசையாகக் குழாய் போட்டு, ஆற்றில் இறங்க வேண்டாம் என்று ஆக்கினார்கள். குழாய்க்கு மேலே 'உபயம்' என்று எழுதி அதிலும் அதே முகத்தை ஒட்டினார்கள். தெருவில் எதிரே வந்தால் எனக்குத் தலைவர் வணக்கம் சொல்வார். நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு போய்விடுவேன்.

அன்று ஆம்புலன்ஸ் போன பிறகு மூட்டை தூக்குகிறவர் படியிலேயே உட்கார்ந்திருந்தார். சால்வையை ஆறு கொண்டுபோயிருந்தது. கரைவேட்டி உடம்போடு ஒட்டிக் கிடந்தது. புதுப்பெண்ணை உறவுக்காரர்கள் அழைத்துப் போய்விட்டார்கள். பெண்ணின் தாய் மட்டும், எங்கே போவது என்று தெரியாதவர் போல, அங்கேயே நின்றார். கமிட்டிக்காரர்கள் மேல் படியில் கும்பலாக நின்றார்கள், தலைவரும் நின்றார். ஸ்பீக்கரை அப்போதுதான் யாரோ அணைத்திருந்தார்கள்.

அந்த அம்மாள் இறங்கி வந்து அவர் முன்னால் நின்றார். அடிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அழக்கூட இல்லை.

"மாப்ள வீட்டுல, திருவையாத்துக்குப் போயி விட்டுட்டு வந்துடலாம்னாங்க" என்றார். "நான்தான் வேணாம்னேன். எங்க ஊர்ப் படித்துறையில நீங்க நிப்பீங்க, பயமில்லன்னு சொல்லி இங்க கூட்டியாந்தேன்."

அவரைத் தூக்கிக்கொண்டு போய் மேடையில் வைத்தது நாங்கள்தான் என்று சொல்ல அங்கே ஒரு மன்றமே நின்றது. சொல்லியிருக்கலாம். நான் தலைவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கீழ்ப் படியில் உட்கார்ந்திருந்தவர் அந்த அம்மாளைப் பார்த்துக் கையைக் கூப்பினார்.

"நான் நிக்கலம்மா" என்றார்.