அம்மா கேட்ட ஒன்பது கேள்விகள்

மழை விட்டு அரைமணி நேரமான புல்வெளியில், செம்மறியாட்டுப் புழுக்கையின் வாடையும் மிதிபட்ட புல்லின் பச்சை வாடையும் கலந்து எழும்போது, அதனூடே வான் வண்டியின் திறந்த கதவு வழியே மீன் கட்லட்டின் வாசமும் வந்து சேர்ந்தால், அதுதான் எனக்கு இங்கிலாந்து. வேறு எவருக்கும் அந்த நாடு அப்படி மணக்காது என்பதை அறிவேன். எனக்குப் பதினொரு வயதான ஆண்டின் ஜூலை மாதத்தில், ரொறன்ரோவின் மோர்னிங்சைட்டில் இருந்த எங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு, அப்பாவும் அம்மாவும் நானும் லண்டனில் வசித்த சித்தியிடம் போனோம். சித்தி அம்மாவின் ஒரே தங்கை. அவரும் சித்தப்பாவும் தங்கள் வானில் எங்களை ஏற்றிக்கொண்டு, மேற்கேயுள்ள குன்றுகளையும் பழங்கற்களையும் காட்டுவதற்குப் புறப்பட்டார்கள். பின்னிருக்கையின் கீழே கட்லட்டும் றோல்ஸும் அடுக்கிய பெட்டி, இரண்டு தேநீர்ப் பிளாஸ்க்குகள், ஒரு மடக்குக் கதிரை. கதிரை அம்மா உட்காருவதற்கு.

அம்மா இறந்துகொண்டிருந்தார். அந்த வானில் இருந்த ஐவரில் அதை அறியாதவள் நான் ஒருத்திதான்.

எனக்குச் சொல்லப்பட்டிருந்த சொல் "காஸ்ரிக்", வெறும் வயிற்றெரிவு. எங்கள் பகுதியான ஸ்காபரோவில் நான் அறிந்த எல்லா அம்மாமாருக்கும் காஸ்ரிக் இருந்தது; கலியாண வீடுகளில் அவர்கள் ஒருவருக்கொருவர் அதற்கான குளிசைகளைக் கைமாற்றிக்கொண்டார்கள். ஆகவே அந்தச் சொல் என்னை அச்சுறுத்தவில்லை. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று வைத்தியர்கள் கைவிட்ட பிறகு, தங்கையோடு சில நாள்களைக் கழிக்கவென்று அவசரமாக ஏற்பாடான பயணம் அது என்பதை நான் எப்படி அறிந்திருக்க முடியும்? நோயைப் பிள்ளைகளிடமிருந்து மறைப்பதை எங்கள் ஆட்கள் வஞ்சகமாக எண்ணுவதில்லை. உறங்கும் பிள்ளைக்குப் போர்வையை இழுத்துவிடுவதுபோல, அதை மிகுந்த அன்போடும் திறமையோடும் செய்வார்கள்.

ஆனாலும் ஒன்றை நான் கவனித்திருந்தேன். அந்தக் கோடையில் எவரும் அம்மாவோடு சண்டை பிடிக்கவில்லை. ஞாயிறுதோறும் தொலைபேசியில், சிறுவயதில் யாருடைய பாவாடையை யார் கிழித்தது என்பதற்குக்கூட வாதாடும் சித்தி, அம்மா சொன்ன எல்லாவற்றுக்கும் "ஓம் அக்கா, ஓம் அக்கா" என்றார். கறியில் உப்புக் கூடினால் முகத்தைச் சுளிக்கும் அப்பா, அம்மாவின் தேநீரை முதலில் தான் ஊதி ஆற்றிப் பிறகு கொடுத்தார். வானிலிருந்து இறங்கும்போது மூன்று பேர் மூன்று பக்கத்திலிருந்து "ஆறுதலா, ஆறுதலா" என்று மெதுவாய் இறங்கச் சொன்னார்கள். சொந்தத் தாய் ஒரு விருந்தாளியைப் போல நடத்தப்படுவதைக் காண எனக்கு எரிச்சலாக இருந்தது. காஸ்ரிக் உள்ளவர்கள் நடக்கமாட்டார்களா என்ன?

நான் எதையும் நிரல்படுத்தி வைக்கும் பிள்ளை. பயணத்துக்கு முன்பே நூலகத்திலிருந்து ஒரு வழிகாட்டிப் புத்தகத்தை இரவல் வாங்கி, ஒரு கொப்பியில் கோடு போட்டு, இடத்தின் பெயர், அதன் வயது, அதன் உயரம் எனப் பத்திகள் பிரித்திருந்தேன். கடைசிப் பத்தியில் எங்கள் ஐவருடைய பெயர்களும் இருந்தன. ஓர் இடத்தின் உச்சிவரை போனவருக்குப் பெயருக்கு நேரே ஒரு சரி அடையாளம். ஸ்டோன்ஹெஞ்சில் நாங்கள் கயிற்று வேலியைச் சுற்றி வந்தபோது அம்மா வாசலருகே கதிரையை விரித்து இருந்துவிட்டார். மலைச்சரிவில் சுண்ணாம்பால் வரையப்பட்ட வெள்ளைக் குதிரையைப் பார்க்க மேலே ஏறிப் போனபோதும், பழைய கோட்டையின் மண்மேட்டில் ஏறியபோதும், அவர் கார் பார்க்கில், வானின் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு எங்களுக்குக் கையசைத்தார். குதிரைக்கு அருகே போனால் அது குதிரை என்பதே தெரியவில்லை, வெறும் வெள்ளைக் கோடுகள்தான் தெரிகின்றன என்று இறங்கி வந்து முறைப்பாடு சொன்னேன். அம்மா சிரித்தார். தனக்கு இங்கிருந்து நன்றாகவே தெரிந்தது என்றார்.

மூன்று இடங்களில் அம்மாவின் பெயருக்கு நேரே வெறுமை கிடந்தது. நான்காவது, கிளாஸ்டன்பரி என்ற சிற்றூருக்கு வெளியே, சமதரையிலிருந்து தனித்து எழும் பச்சைக் குன்று. உச்சியில் ஒரு தேவாலயம் இருந்து அழிந்துபோய், கூரையற்ற கோபுரம் மட்டும் மிஞ்சி நிற்கிறது. அடிவாரத்தில் சித்தப்பா கதிரையை விரித்தார். அம்மா அதில் இருந்தார். சித்தி அவருடைய மடியில் ஒரு சால்வையைப் போர்த்தினார். அந்தப் போர்வையைக் கண்டதும், நான்கு நாள்களாக எனக்குள் சேர்ந்திருந்தது வாயில் வந்துவிட்டது.

"நீங்கள் கனடாவிலயிருந்து கார் பார்க் பாக்கவோ அம்மா வந்தனீங்கள்?"

அப்பா என்னை நோக்கித் திரும்பினார். அவருடைய முகத்தை அதற்கு முன்பு நான் அப்படிக் கண்டதில்லை. ஆனால் அம்மா அவருடைய சேட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"விடுங்கோ. அவள் கேட்டது சரிதானே," என்றார். பிறகு கைப்பையைச் சித்தியிடம் கொடுத்துவிட்டு எழுந்தார். "வா பிள்ளை, போவம். புத்தகத்தையும் கொண்டு வா."

அப்பாவும் சித்தப்பாவும் பின்னால் வந்தார்கள். அம்மா அவர்களைக் கிட்ட வரவிடவில்லை. சிறிது தூரம் ஏறியதும் நின்று, கீழே சமவெளியில் கோடாய்த் தெரிந்த நீரைச் சுட்டி, உந்த வாய்க்கால் எங்கே போகிறது என்று கேட்டார். நான் புத்தகத்தைப் பிரித்துத் தேடி, கிடைத்ததை வாசித்தேன். மறுபடியும் ஏறினோம். மறுபடியும் நின்றார். உதெல்லாம் முந்திக் கடலாய் இருந்ததோ என்று கேட்டார். இருந்தது, புத்தகத்தில் அதைப் பற்றி ஒன்றரைப் பக்கம் இருந்தது, முழுவதையும் வாசிக்கச் சொன்னார். நான் ஆங்கிலத்தில் வாசித்து, தமிழில் சொல்லி, தமிழ்ச் சொல் கிடைக்காத இடங்களில் தடுமாறினேன். அவர் கைகளை முழங்கால்களில் ஊன்றிக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த திருப்பத்தில், எங்களைப் பார்த்தபடி மேய்ந்த செம்மறிகளைக் காட்டி, "உந்த ஆடுகள் ஆற்றை?" என்றார். ஆடுகளின் சொந்தக்காரர் பெயர் புத்தகத்தில் இராது என்று சொன்னேன்.

"வடிவாய்த் தேடிப் பார்," என்றார்.

தேடினேன். பின்னட்டைவரை தேடினேன். அம்மாவுக்கு வரலாற்றில் ஆர்வம் பிறந்துவிட்டது என்று நம்பி, பெருமிதத்தோடு தேடினேன். உச்சிக்குப் போய்ச் சேர்வதற்குள் அவர் ஒன்பது கேள்விகள் கேட்டார். அவை கேள்விகள் அல்ல, மூச்சு வாங்குவதற்கான தரிப்புகள் என்பதை உணர எனக்குப் பல ஆண்டுகள் தேவைப்பட்டன.

உச்சியில் காற்று எங்களைத் தள்ளிக்கொண்டு போனது. அம்மா கோபுரத்தின் உட்சுவரில் முதுகைச் சாய்த்து, கூரை இருந்திருக்க வேண்டிய இடத்தில் தெரிந்த வானத்தைச் சற்று நேரம் பார்த்தார். உதடுகள் வெளிறியிருந்தன. குளிராக்கும் என்று நினைத்தேன்.

"வந்திட்டன். போடு சரியை," என்றார்.

போட்டேன்.

இறங்கும்போது அப்பா ஒரு கையையும் சித்தப்பா மறு கையையும் பிடித்துக்கொண்டார்கள். பாதி வழிக்குப் பிறகு சித்தப்பா அம்மாவைத் தூக்கிக்கொண்டே இறங்கினார். அடுத்த நாள் அம்மாவால் கட்டிலைவிட்டு எழ முடியவில்லை. பட்டியலில் இன்னும் ஒரு கோட்டை மீதியிருந்தது, அது கைவிடப்பட்டது. அதற்காக நான் அம்மாவோடு கோபித்துக்கொண்டேன். சித்தியின் வீட்டில் மீதியிருந்த மூன்று நாள்களும், பிறகு விமானத்தில் முழு நேரமும் அவரோடு பேசவில்லை. அவர் என்னிடம் தண்ணீர் கேட்டபோது போத்தலை எடுத்து அப்பாவிடம் கொடுத்தேன்.

முதல் பனி கொட்டிய வாரத்தில் அம்மா இறந்தார். அதற்கு இரண்டு நாள் முன்புவரை எனக்குச் சொல்லப்பட்டது காஸ்ரிக் என்பதுதான்.

அந்தியேட்டிக் கிரியைக்காகச் சித்தி லண்டனிலிருந்து வந்திருந்தார். முப்பத்தோராம் நாளுக்குச் சமைத்து முடித்த பாத்திரங்களை அவர் கழுவ, நான் துடைத்துக்கொண்டிருந்தபோது, நான் மலை ஏற வைத்ததால்தானா என்று கேட்டேன். ஏறாவிட்டாலும் இதுதான் நடந்திருக்கும் என்றார் சித்தி. அப்படியென்றால் எனக்கு மட்டும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் குழாயை மூடினார்.

"அக்காதான் சொல்ல வேண்டாமெண்டவ. 'எல்லாரும் என்னைக் கண்ணாடிச் சாமான் மாதிரித் தூக்கி வைக்கிறியள். என்னோடை கோவிக்கிறதுக்கு ஒரு ஆளாவது இருக்கட்டும்' எண்டு சொன்னவ."

சித்தி இதை எனக்கு ஆறுதலாகவே சொன்னார். உறவினர்கள் பலரும் பின்னர் அதே நோக்கத்தோடு இதைத் திருப்பிச் சொல்லியிருக்கிறார்கள். நான் அதைப் பல தடவை நிதானமாக ஆராய்ந்திருக்கிறேன். தெரிந்திருந்தால் நான் கோபித்திருக்கமாட்டேன். கோபிக்க வேண்டும் என்பதற்காகவே எனக்குத் தெரிவிக்கப்படவில்லை. இதில் தர்க்கப் பிழை ஏதும் இல்லை. அம்மா வேண்டியதை நான் கொடுத்துமிருக்கிறேன், குறைவில்லாமல். ஆயினும் அந்தப் போத்தலை அவர் கையிலேயே கொடுத்திருக்கலாம் என்ற எண்ணத்தின் முன்னால் அந்தத் தர்க்கம் ஒரு நாளும் நின்றுபிடித்ததில்லை.

இப்போது நான் பல்கலைக்கழகத்தில் இலக்கியம் படிக்கிறேன். அந்த நாட்டின் குன்றுகளும் இடிபாடுகளும் பாடப்பக்கங்களில் அடிக்கடி வருகின்றன. அவற்றைப் பற்றி ஒழுங்கான கட்டுரைகள் எழுதி நல்ல புள்ளிகளும் பெறுகிறேன். சித்தி ஆண்டுதோறும் கூப்பிடுகிறார். நான் போகவில்லை. எங்கள் வீட்டிலிருந்து மறைந்துபோனது எதுவென்று கேட்டால், ஏச்சு என்றே சொல்வேன். அம்மாவுக்குப் பிறகு அங்கே யாரும் யாரையும் ஏசியதில்லை. நான் வீட்டுக்குப் பிந்தி வந்தாலும் அப்பா ஒன்றும் கேட்பதில்லை. சோற்றை மூடி வைத்திருப்பார். நானும் அவரிடம் குரலை உயர்த்துவதில்லை. வந்து போகிறவர்கள் எங்களைப் பார்த்து, எவ்வளவு அமைதியான வீடு என்கிறார்கள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்காபரோவின் ஏரிக்கரைக் குன்றுகளுக்கு அப்பாவோடு போனேன். அதற்கு முந்திய வாரம் அவருடைய இரத்தப் பரிசோதனை முடிவுகளைக் கேட்க, மொழிபெயர்ப்பதற்காக அவரோடு நான்தான் வைத்தியரிடம் போயிருந்தேன். எல்லாம் நன்றாகவே இருந்தன. ஏற்றத்தில் அவர் பின்தங்கினார். நின்று நின்று வந்தார். இடையில் தொலைபேசியைத் தட்டினார். சப்பாத்து நாடாவை இரண்டு தடவை அவிழ்த்துக் கட்டினார். வெயில் போய்விடப் போகிறதே என்று கூர்மையான ஒரு சொல் என் நாக்குவரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டு திரும்பிப் போய், அவருடைய கையைப் பிடித்து, இந்த வாங்கில் கொஞ்சம் இருந்து ஆறுவோம் அப்பா என்று மெதுவாகச் சொன்னேன்.

அப்பா வாங்கில் அமரவில்லை. கையை விடுவித்துக்கொண்டார்.

"ஏன் பிள்ளை, டொக்டர் உன்னட்டை ஏதும் சொன்னவரோ?"

இல்லை என்றேன். உண்மையாகவோ என்று கேட்டார். உண்மையாக ஒன்றுமில்லை அப்பா என்று, என்னால் முடிந்த அளவு சாதாரணமான குரலில், இன்னும் இரண்டு முறை சொன்னேன். எங்களுக்குக் கீழே ஏரி, வெயிலில், கண் எட்டும் தூரம்வரை விரிந்து கிடந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.