பெரிய காரில் இடமில்லை

"இவ்வளவு இடம் கிடக்கு. எதுக்குடி கதவோட ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்கே?"

அக்கா கேட்ட கேள்வி. கதை கட்ட எனக்குத் தெரியாது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, அக்காவுக்குத் துணையாக அவள் வீட்டில் இருந்தேன். அவளுக்கு அது எட்டாம் மாதம். முதல் குழந்தை தங்கவில்லை. ஆம்புலன்ஸ் வர நேரமாகிவிட்டது. இந்த முறை வாசலிலேயே கார் நிற்க வேண்டும் என்றார் அத்தான்.

பழைய கார் விற்பவரிடம் இரண்டு கார்கள் எங்களுக்குக் கட்டுப்படியாயின. ஒன்று குட்டையான சிவப்புக் கார், பின்பக்கத்தை வெட்டிவிட்டது போல. மற்றது நீளமான வெள்ளைக் கார். அதன் டிக்கியில் ஓர் ஆள் படுக்கலாம்.

முதலில் சிவப்பில் ஒரு சுற்று. கண்ணாடி பாதிதான் இறங்கியது. கியர் கரகரத்தது. ஆனால் பின்சீட்டில் நான் தாராளமாக உட்கார்ந்திருந்தேன்.

மாலை ஆறு மணிக்கு வெள்ளையை எடுத்தோம். சத்தமே இல்லை. முன்சீட்டிலிருந்து திரும்பித்தான் அக்கா அப்படிக் கேட்டாள். என் தோள் கதவில் அழுந்தியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். நகரப் பார்த்தேன்.

முடியவில்லை.

பக்கத்தில் யாருமில்லை. ஆனால் இடுப்பில் ஒரு சூடு... பஸ்ஸில் ஆள் நெருக்கி உட்கார்ந்தால் இருக்குமே, அந்தச் சூடு.

திரும்பி வந்து இறங்கினோம். "வெள்ளையையே முடிச்சிடலாம். நீ பின்னாடி படுத்துக்கிட்டே ஆஸ்பத்திரிக்குப் போகலாம்," என்றார் அத்தான்.

"மகாராணி மாதிரின்னு சொல்லுங்க." அக்கா பின்கதவைத் திறந்தாள்.

"ஏறாதேக்கா."

"அட, ஊமைக்கு வாய் வந்திடுச்சு." ஏறிவிட்டாள்.

டப்.

கதவு மூடிக்கொண்டது. நானும் அத்தானும் வெளியே நின்றோம். அக்கா குனிந்து பெல்ட்டைத் தேடினாள்.

"கொஞ்சம் தள்ளுடி..."

நான் அசையவில்லை.

"தள்ளுடி. வயித்துல இடிக்கிறே."

கதவைத் திறந்து அவளை வெளியே இழுத்தேன். என்னைப் பார்த்தாள். காருக்குள் பார்த்தாள். அவள் முகம் வெளிறிப்போனது.

சிவப்பைத்தான் வாங்கினோம். பிள்ளையும் அதில்தான் வீட்டுக்கு வந்தான்.

இரண்டு மாதம் கழித்து, வண்டியின் காகிதங்களை வாங்க அத்தானோடு போனேன். வெள்ளைக் கார் அங்கே நின்றது.

"விக்கிறதும் திரும்பி வர்றதுமாவே இருக்கு," என்று அலுத்துக்கொண்டார் விற்பவர். "எல்லாரும் ஒரே குறைதான் சொல்றாங்க. உள்ளே இடம் பத்தலையாம்."

"பெரிய குடும்பமா இருக்கும்," என்றார் அத்தான்.

விற்பவர் குரலைத் தாழ்த்தினார். "எங்கே... இப்ப கொண்டுவந்திருக்காரே, அவர் தனிக்கட்டை."

காரின் அருகில் நின்ற ஆள் வந்து, சாவியை மேசையில் வைத்தார். யாரையும் பார்க்கவில்லை. வெளியே, ஆளில்லாத அகலமான தெருவில், தோளைக் குறுக்கி, சுவரோடு ஒட்டிக்கொண்டு நடந்து போனார்.