ஒரு பல் தள்ளியிருந்தது

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு என்று நினைக்கிறேன். பள்ளிகள் திறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. ஆவடியில், பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றின் குடியிருப்பில் நாங்கள் இருந்தோம். எனக்குப் பரிசோதனைப் பிரிவில் வேலை. மற்றவர்கள் செய்து முடித்ததை அளந்து பார்த்து, சரியாக இருந்தால் மஞ்சள் மெழுகுக் கட்டியால் ஒரு டிக் போடுவேன். அந்த டிக் விழாமல் ஒரு நட்டுகூட அடுத்த மேசைக்குப் போகாது. நான் செய்த காரியம் புரிய வேண்டுமானால் அந்த டிக்குக்கு எங்களிடையே என்ன மதிப்பு இருந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் முதலிலேயே சொல்கிறேன்.

பக்கத்து வீட்டுக்காரர் அதே தொழிற்சாலையில் பிட்டர், பாகங்களைப் பொருத்துகிற வேலை. திருமுல்லைவாயிலிலேயே பிறந்து வளர்ந்தவர். ஐ.டி.ஐ. படிப்போடு நிறுத்திக்கொண்டவர். நான் இயற்பியலில் முதல் வகுப்பு. இந்த வித்தியாசத்தை அவர் ஒரு நாளும் நினைத்திருக்க மாட்டார். நான் தினமும் நினைத்தேன்.

கார் வாங்க வேண்டும் என்று குடியிருப்பில் முதலில் சொன்னவன் நான். மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். கடன் விண்ணப்பப் படிவம் பீரோவில் என் சான்றிதழ்களுக்கு அடியில் கிடந்தது. என்ன நிறம் என்று நான் முடிவு செய்வதற்குள், அவர் ஒரு நாள் பழைய சின்னக் கார் ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்து, எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே இருந்த தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்தினார்.

அவருக்கு அது தேவையாக இருந்தது. அவர் மனைவி கரையான்சாவடியில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு ஆசிரியை. முந்தின வருடம் மாடிப்படியில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, கைத்தடியோடு நடந்துகொண்டிருந்தார். மாலையில் கூட்டம் குறைந்த பஸ்ஸில் மெதுவாக ஏறி வந்துவிடலாம். காலைப் பஸ்ஸின் படியில் கால் வைக்கவே முடியாது. ஸ்கூட்டரில் ஒருக்களித்து உட்காரவும் முடியாது. எடுத்த நீண்ட விடுப்பு தீர்ந்துவிட்டது. காலையில் கொண்டுபோய் விடுவதற்கென்றே கணவர் இரண்டாவது ஷிப்ட் கேட்டு வாங்கியிருந்தார். கார் ஓடினால் அந்த அம்மாளுக்கு வேலை, ஓடாவிட்டால் இல்லை. இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், அந்தக் காரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போது என் மனைவியையும் மகளையும் அவர்கள் ஏற்றிக்கொள்வார்கள். என்னையும்தான் கூப்பிடுவார். நான் ஸ்கூட்டரில் வருகிறேன் என்பேன். மாதா கோயில் வாசலில் என் மகள் அந்தக் கார்க் கதவைத் தானே திறந்து, இளவரசி மாதிரி இறங்குவதை ஸ்கூட்டருக்கு ஸ்டாண்டு போட்டபடி பார்த்துக்கொண்டு நிற்பேன். பிரசங்கத்தில் ஒரு வார்த்தை காதில் ஏறாது.

அப்படி ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்ததும், அவர் மரத்தடியில் சாக்கை விரித்துக் காரின் டைமிங் பெல்ட்டை மாற்ற ஆரம்பித்தார். இன்ஜினின் கீழ்ச் சக்கரத்தையும் மேல் சக்கரத்தையும் ஒன்றுக்கொன்று கணக்காகச் சுற்ற வைக்கும், உட்புறம் பல் வைத்த ரப்பர் பட்டை அது. இரண்டு சக்கரத்திலும் ஒரு சின்னக் குறி இருக்கும். இரண்டும் அதனதன் இடத்தில் நிற்கும்போது பட்டையை மாட்ட வேண்டும். ஒரு பல் தள்ளி மாட்டினாலும் இன்ஜினுக்கு மூச்சுத் திணறும். ஒர்க்‌ஷாப்பில் விட வேண்டிய வேலையை வீட்டு வாசலில் ஒருவர் செய்கிறார் என்றதும் குடியிருப்பில் பாதிப் பேர் கூடிவிட்டார்கள். ஒருவர் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிறார், ஒருவர் சட்டையைக் கழற்றிவிட்டு யோசனை சொல்கிறார். என் மனைவி அத்தனை பேருக்கும் காபி கொண்டுவந்தாள். விருந்தாளிகளுக்கென்று எடுத்து வைத்திருந்த பீங்கான் கோப்பைகளில். நான் கோப்பைகளை எண்ணினேன்.

பட்டையை மாட்டி முடித்ததும் அவர் என்னைப் பார்த்துக் கையசைத்தார்.

"சார், ஒரு தபா வந்து பாருங்க சார். நீங்க டிக் அடிச்சாத்தான் கவர மூடுவேன்."

"இன்னா நைனா, ஊட்டு வேலைக்கும் இன்ஸ்பெக்‌ஷனா?" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

"இருபது வருசப் பழக்கம் மாமே. சார் டிக் இல்லாத வேலைய தொட்டா கை நடுங்குது எனக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். நான் போய்க் குனிந்தேன். இன்ஜினுக்கும் காரின் பக்கத் தகட்டுக்கும் நடுவே கை நுழையும் அளவுதான் இடைவெளி. அவர் நின்ற இடத்திலிருந்து சாய்வாகப் பார்த்தால் மேல் சக்கரத்தின் குறி சரியாக நிற்பது போலத் தெரியும். நேராகப் பார்ப்பதுதான் என் தொழில். தலையை உள்ளே நுழைத்து நேராகப் பார்த்தேன். ஒரு பல் தள்ளியிருந்தது.

வாயைத் திறந்திருப்பேன் என்றுதான் இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அந்த நேரம் பார்த்து என் மனைவி பின்னால் யாரிடமோ சொன்னாள்: "எங்க வீட்ல ஒரு பல்பு மாத்தணும்னாலும் ஆள் வரணும். இவர் பார்த்துட்டு, பல்பு போயிடுச்சுன்னு மட்டும் சொல்லுவார்."

பெரிய சிரிப்பு. அவரும் சிரித்தார், கள்ளமில்லாமல்.

ஞாயிறானாலும் என் பையில் கிடக்கும் மெழுகுக் கட்டியை எடுத்தேன். தொழிற்சாலையில் டிக்கை எப்போதும் இரண்டு பாகங்களின் மேலும் படுகிற மாதிரி போடுவோம். பிற்பாடு ஏதாவது நகர்ந்திருந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். கைப்பழக்கத்தில் இங்கேயும் அப்படியே விழுந்தது. டிக்கின் சின்னக் கால் சக்கரத்தின் மேல், நீளக் கால் பின்னால் இருந்த தகட்டின் மேல்.

"ஓகே" என்றேன்.

அவர் கவரை மூடினார்.

மறுநாள் காலை கார் கிளம்ப அரை மணி ஆனது. கிளம்பியும் இழுக்கவில்லை. பருத்திப்பட்டு தாண்டியதும் வரும் பாலத்து ஏற்றத்தில் சைக்கிள்காரர்கள் முந்திக்கொண்டு போனார்களாம். அவர் பிளக்குகளை மாற்றினார். பாயின்ட்டைத் தேய்த்து இடைவெளி வைத்தார். கார்புரேட்டரைக் கழற்றிப் பெட்ரோலில் கழுவினார். பெட்ரோல் பில்ட்டர் புதிது போட்டார். ஒவ்வொரு நாளும் ஒன்று. ஒவ்வொரு நாளும் யாராவது ஒருவர், "பெல்ட்ட பாத்தியாப்பா?" என்பார். அவர் சொல்லும் பதில் மாறவே மாறாது.

"அத்த சார் பாத்து டிக் அடிச்சிட்டாரு. அங்க கை வெக்கற வேலையே இல்ல."

கரையான்சாவடி மெயின் ரோட்டில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டியபோது அவரும் பெல்ட் கவரைத்தான் முதலில் கழற்றப் போனாராம். இவர்தான் தடுத்திருக்கிறார். என்னிடமே வந்து சொன்னார், பெருமையாக.

காலை வேளைகளில் காரைத் தள்ளிக் கிளப்ப வேண்டியிருந்தது. "இன்னா மச்சான், காரு உன்ன இட்டுகினு போவுதா, நீ கார இட்டுகினு போறியா?" என்று கேட்டபடி நாலு பேர் தள்ளுவார்கள். அந்த நாலு பேரில் ஒருவனாக நானும் தள்ளியிருக்கிறேன். உள்ளே அந்த அம்மாள் கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். பின்கண்ணாடி வழியாக அவருடைய கொண்டை தெரியும். தள்ளிக்கொண்டிருக்கும்போதே எனக்குள் ஒரு குளிர்ச்சி இருந்தது என்பதை எழுதாமல் விட்டால் இதை எழுதுவதில் அர்த்தமில்லை. எங்கள் வீட்டில் அந்த நாட்களில் பிட்டருடைய கெட்டிக்காரத்தனத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. என் மகள் மறுபடி என் ஸ்கூட்டரில் பூசைக்கு வர ஆரம்பித்தாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

ஐந்தாவது ஞாயிறு. நாங்கள் பூசை முடிந்து வந்தபோது அந்த அம்மாள் எங்கள் வாசலில் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு முழுத்தாள்.

"அண்ணே, இத கொஞ்சம் பாத்துக் குடுங்க. இங்கிலீஷ்ல எழுதியிருக்கேன். கணக்கு டீச்சர் இங்கிலீஷ், தப்பு இருக்கும்."

வாங்கிப் பார்த்தேன். ராஜினாமாக் கடிதம். மூன்றே வரி.

"மூணு தடவ பிரேயர் முடிஞ்சப்புறம் போயிட்டேன் அண்ணே. பெரிய டீச்சர் நல்லவங்க, இன்னும் ஒண்ணும் சொல்லல. அவங்க சொல்றதுக்கு முன்னாடி நாமளே குடுத்துடறது மரியாதை இல்லையா?" என்று சிரிக்கப் பார்த்தார். பிறகு, "சரியா இருந்தா கீழ ஒரு டிக் போட்டுக் குடுங்க. சார் பாத்தா போதும்னு அவர்தான் அனுப்பினாரு" என்றார்.

கடிதத்தில் ஒரு பிழையும் இல்லை. சட்டைப் பையில் பென்சில் இருந்தது. எடுத்தேன். கை தாளின் அடிப்பக்கம் வரை போயிற்று. அதற்கு மேல் போகவில்லை.

"இது எங்கிட்டயே இருக்கட்டும்மா" என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, போட்டிருந்த பூசைச் சட்டையோடு மரத்தடிக்குப் போனேன். அவர் பிளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பெல்ட் கவரைக் கழட்டுப்பா."

"இன்னா சார்? அத்தத்தான் நீங்க பாத்துட்டீங்களே."

"கழட்டு."

கீழே கிடந்த ஸ்பேனரை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

அவர் கவரைக் கழற்றினார். ஸ்பேனர் போட்டுச் சுற்றி, கீழ்ச் சக்கரத்தின் குறியை அதன் இடத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். மேலே பார்த்தார். பிறகு, நான் அன்று செய்தது போலவே, தலையை உள்ளே நுழைத்து நேராகப் பார்த்தார்.

குறி ஒரு பல் தள்ளி நின்றது. அதன் பக்கத்தில் என் மஞ்சள் டிக். கொஞ்சம் கறுத்திருந்தது, ஆனால் உடையவில்லை. சக்கரம் பழைய நிலைக்கு வந்து நின்றதும், அதன் மேலிருந்த சின்னக் காலும் தகட்டின் மேலிருந்த நீளக் காலும் போட்ட அன்று போலவே ஒட்டி நின்றன. பட்டை இடையில் நழுவியிருந்தால் அவை பிரிந்திருக்கும். பிரியவில்லை என்றால், டிக் போட்டபோதே தப்பாகத்தான் இருந்தது, போட்டவன் பார்த்துவிட்டுத்தான் போட்டான். இருபது வருடமாக என் கோடுகளைப் பார்த்து வேலை செய்தவருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அவர் அந்த டிக்கைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. தோளில் கிடந்த அழுக்குத் துணியை எடுத்து, பெட்ரோலில் நனைத்து, முதலில் சக்கரத்தைத் துடைத்தார். பிறகு தகட்டைத் துடைத்தார். மஞ்சள் சுத்தமாகப் போகிறவரை துடைத்தார்.

அதற்குள் இரண்டு மூன்று பேர் வந்துவிட்டார்கள். "இன்னாப்பா, இன்னா கண்டுபுடிச்சே?"

"பெல்ட்ட இறுக்கற டென்ஷனர முடுக்கசொல்ல நாந்தான் ஒரு பல்லு நழுவ உட்டுட்டேன் போலக் கீது. சார் வந்து சொல்லித்தான் தொறந்தேன்."

"பாத்தியா, சார் கண்ணே கண்ணுப்பா!"

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் எத்தனையோ நாள் ஏங்கியிருந்தேன். அன்று கேட்டபோது காது சுட்டது. ஆனாலும், இல்லை என்று நான் சொல்லவில்லை.

அவர் பட்டையைக் கழற்றி, ஒரு பல் நகர்த்தி மாட்டினார். இரண்டு சுற்று சுற்றிவிட்டு மறுபடி பார்த்தார். என் கை, கேட்காமலே, மெழுகுக் கட்டி இருந்த பைக்குப் போனது. நிமிர்ந்து பார்த்தபோது அவர் கவரின் கடைசி போல்ட்டை முடுக்கிக்கொண்டிருந்தார். கார் முதல் திருப்பிலேயே கிளம்பியது.

கடிதத்தை அடுப்பில் போட்டேன். அந்த அம்மாள் ஓய்வு பெறும் வரை அதே பள்ளியில் வேலை பார்த்தார். என் மகளுக்குப் பிளஸ் டூ கணக்கை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான்.

அதற்குப் பிறகும் ஏழு வருடம் பக்கத்து வீடுகளில்தான் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமை கார்ச் சவாரி மறுபடி தொடங்கியது, பிறகு நிற்கவில்லை. "சார்" என்று கூப்பிடும் குரலும் மாறவில்லை. நாலு வருடம் கழித்து ஒரு ஞாயிறு, அதே மரத்தடியில் மறுபடி பெல்ட் மாற்றினார். நான் என் வாசலிலேயே நின்றிருந்தேன். பட்டையை மாட்டி முடித்ததும் மனைவியிடமிருந்து ஒரு கைக்கண்ணாடி வாங்கி, சக்கரத்துக்கு நேரே பிடித்து, இரண்டு முறை தானே பார்த்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்துக் கையசைத்தார். "காபி சாப்ட்டீங்களா சார்?" என்று கேட்டார். வந்து பாருங்கள் என்று மட்டும் சொல்லவில்லை. தொழிற்சாலைக்கு வெளியே அவர் என்னிடம் டிக் கேட்கவே இல்லை.

கோயிலில் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னேன். "அவரிடம் சொன்னீர்களா?" என்று பங்குச் சாமியார் கேட்டார். அவருக்குத் தெரியும் என்றேன். "நான் கேட்டது அது இல்லையே" என்றார்.

இப்போது எனக்கு எண்பது வயது. அவர்கள் காட்டுப்பாக்கத்தில் மகனோடு இருக்கிறார்கள். அந்த அம்மாள் பத்திரிகைகளில் வாசகர் அனுபவங்களை ஒன்று விடாமல் படிப்பவர். மஞ்சள் டிக் என்ற இடம் வந்ததும் யார் எழுதியது என்று தெரிந்துவிடும். தெரியட்டும், கணவருக்கும் வாசித்துக் காட்டட்டும். காரைப் பார்த்து நான் பட்ட பொறாமை எப்போதோ போய்விட்டது. என் டிக்கைத் துடைத்த அந்த அழுக்குத் துணியைப் பிடித்திருந்த கையை நினைத்துப் படுகிற பொறாமை மட்டும் இன்னும் போகவில்லை.